மூன்றாம் நாள் வலி

(பல் மருத்துவப் பயிற்சி மாணவர்களிடையே அம்பாசமுத்திரத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்கள் ஓராண்டுப் பயிற்சியில் மூன்று மாதத்தைச் சமூகப் பல் மருத்துவத்துக்கும் கிராமப்புறப் பணிக்கும் ஒதுக்கியிருக்கிறார்கள். மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்குப் படிக்க வாய்த்த காலம் என்று அதைப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால், ஐந்து வருஷப் படிப்பில் அந்த மூன்று மாதத்துக்கு ஈடாக வேறொன்றும் இல்லை. அதில் ஒரு பகுதியைக் காரையாறு மலையில், காணிக்காரர் என்ற பழங்குடியினரின் குடியிருப்புகளில் கழிக்கப்போகிறவர்களுக்குச் சில விஷயங்களைச் சொல்ல வந்திருக்கிறேன். சனி, ஞாயிறுகளில் எங்கே போகலாம் என்பதையும் சொல்வேன். அதையும் பணியின் ஒரு பகுதியாகத்தான் நான் நினைக்கிறேன்.

பாபநாசம் கோயிலைத் தாண்டி மலை ஏறினால் வனத்துறைச் சோதனைச் சாவடி வரும். அதற்கப்பால் புலிகள் காப்பகம். களக்காடு, முண்டந்துறை என்ற இரண்டு சரணாலயங்களைச் சேர்த்து 1988-ல் அமைத்தது. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் இதுதான். அந்தப் பெயர்ப் பலகை வருவதற்கு எத்தனையோ தலைமுறை முன்பிருந்தே காணிக்காரர்கள் இந்தக் காட்டில் இருக்கிறார்கள். சின்ன மயிலாறு, பெரிய மயிலாறு, அகஸ்தியர் காணிக் குடியிருப்பு, சேர்வலாறு, காரையாறு அணைக்கும் மேலே காட்டுக்குள் இஞ்சிக்குழி. இந்தப் பெயர்களை இப்போதே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். "மலைவாழ் மக்கள் முகாம்" என்று பொதுப்படையாக நோட்டில் எழுதினால், எந்த ஊரில் யாருக்கு எந்தப் பல் என்று அடுத்து வருகிறவருக்குத் தெரியாமல் போய்விடும்.

போனவுடன் பெட்டியைத் திறக்காதீர்கள். மரபுப்படி ஊருக்குத் தலைவர் மூட்டுக்காணி. நோய்க்கு மருந்தும் சடங்கும் பார்க்கிறவர் பிலாத்தி. கொக்கரை என்ற இரும்புக் கருவியை உரசி ஒலியெழுப்பி, இரவு முழுக்கச் சாற்றுப்பாட்டுப் பாடி நோயை விரட்டுகிற வழக்கம் இவர்களுடையது. முதலில் பெரியவர்களிடம் போய் உட்காருங்கள். யார் வந்திருக்கிறோம், எதற்கு, எத்தனை நாள், மறுபடி எப்போது என்று சொல்லுங்கள். இந்தக் கடைசிக் கேள்விதான் எல்லாவற்றிலும் பெரியது. அதைப் பற்றித்தான் இன்றைக்கு நிறையப் பேசப்போகிறேன்.

முகாம் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். காலையில் வேன் வந்து நிற்கும். பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் பேனர் கட்டுவார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவரை உட்கார வைத்து, டார்ச் வெளிச்சத்தில் வாயைப் பார்ப்பீர்கள். ஆடுகிற பல், வேர் மட்டும் மிஞ்சிய பல், சீழ் வைத்த பல் எல்லாவற்றையும் மரப்பு ஊசி போட்டு எடுப்பீர்கள். பஞ்சைக் கடித்துக்கொள்ளச் சொல்லி, மூன்று நாளைக்கு மாத்திரை கொடுப்பீர்கள். பிள்ளைகளுக்குப் பேஸ்ட், பிரஷ். இருட்டுவதற்குள் சோதனைச் சாவடியைத் தாண்டியாக வேண்டும். நாலு மணிக்கே எல்லாரும் மூட்டை கட்டுவார்கள். நான் இதைக் குறைத்துப் பேசவில்லை. பல மாதம் வலியோடு கிடந்த ஒருவருக்கு அன்றைக்கு விடிவு கிடைக்கிறது. அது பெரிய காரியம்.

ஆனால் மூன்றாம் நாள் என்று ஒன்று இருக்கிறது. பல் எடுத்த குழியில் ரத்தம் உறைந்து கட்டியாக நின்றால்தான் புண் ஆறும். அந்தக் கட்டி கரைந்தோ பெயர்ந்தோ போனால் உள்ளே எலும்பு வெறுமனே நிற்கும். டிரை சாக்கெட் என்று தேர்வில் எழுதியிருப்பீர்கள். பல் எடுத்த அன்றைக்கு வலி இருக்காது. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ தொடங்கி, காதுவரை இழுக்கும். கீழ்க் கடைவாய்ப் பல்லில் அதிகம் வரும். புகை பிடிக்கிறவர்களுக்கு இன்னும் அதிகம். வைத்தியம் எளிது. குழியைக் கழுவி, மருந்தில் தோய்த்த துணித் துண்டை வைத்தால் கொஞ்ச நேரத்திலேயே ஆள் நிமிர்ந்துவிடுவார். ஆனால் அந்த நேரத்தில் நீங்கள் விடுதியில் இருக்கிறீர்கள். அவர் மலையில் இருக்கிறார். பஸ் பிடித்து அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனைக்கு வந்து திரும்ப ஒரு முழு நாள் ஆகும். ஒரு நாள் கூலியும் போகும். அணைக்கு மேலே இருக்கிறவருக்கு அதுவும் நடக்காது.

நான் பயிற்சி மருத்துவராக மலைக்குப் போன காலத்தில் ஒரு முதியவர், வாயைத் திறப்பதற்கு முன்னால் என்னிடம் கேட்டார்: "டாக்டரம்மா, நீங்க புடுங்கிட்டுப் போயிருவிய. ராத்திரி வலிச்சா நான் ஆருகிட்ட போவேன்?" குற்றம் சாட்டுகிற குரலில் அவர் பேசவில்லை. பல்லை எடுக்கலாமா, வலியோடு இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாமா என்று முடிவு செய்ய அவருக்கு அந்த விவரம் தேவைப்பட்டது. என் பாடப் புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. அதற்குப் பின் நான் படித்ததும் வேலை பார்த்ததும் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

இதே மலையில் அதற்கு ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார், நம் துறைக்கு வெளியே. இஞ்சிக்குழியில் நூறு வயதைக் கடந்த ஒரு மூதாட்டிக்கு முதியோர் உதவித்தொகை கொடுக்க, பாபநாசம் மேலணை அஞ்சல் நிலையத்து ஊழியர் மாதந்தோறும் காட்டு வழியில் நடந்து போய் வந்தார். சில ஆண்டுகளுக்கு முன் செய்தித்தாள்களில் வந்தது. உங்களில் சிலர் படித்திருக்கலாம். யானை நடமாடும் தடம் அது. ஒரே ஒருவருக்காகப் போனார், போன மாதம் போனதுபோலவே இந்த மாதமும் போனார். முகாமில் எத்தனை பேரைப் பார்த்தோம் என்று நாம் கணக்குக் கொடுக்கிறோம். எத்தனை பேரை இரண்டாம் முறை பார்த்தோம் என்று ஒரு கட்டம் நம் படிவத்தில் இல்லை. நீங்களே கோடு போட்டு அந்தக் கட்டத்தை வரைந்துகொள்ளுங்கள்.

திரும்பிப் போவது என்று முடிவு செய்துவிட்டால், எடுத்துப் போகும் பெட்டியும் மாறும். மின்சாரமும் டிரில்லும் இல்லாமல் சொத்தையை அடைக்கும் முறை ஒன்று 1980-களின் நடுவில் தான்சானியாவில் உருவானது. கைக்கருவியால் சொத்தையின் மெத்தென்ற பகுதியை மட்டும் சுரண்டி எடுத்து, கிளாஸ் அயனோமர் சிமென்ட்டை விரலால் அழுத்தி வைப்பது. ஊசி பெரும்பாலும் வேண்டாம். 1994-ல் உலக சுகாதார நாள் வாய் நலத்துக்கென்று அனுசரிக்கப்பட்டபோது உலக சுகாதார நிறுவனமே இதை முன்வைத்தது. இன்னொன்று சில்வர் டயமைன் ஃப்ளூரைடு. ஒரு சொட்டைத் தொட்டுச் சொத்தையில் தடவினால் அது மேலும் பரவாமல் கட்டுப்படும். தடவிய இடம் கறுத்துப்போகும். தாயிடமும் தகப்பனிடமும் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், முன்பல் என்றால் இரண்டு முறை சொல்ல வேண்டும். அந்தச் சிமென்ட்டையும் இந்த மருந்தையும் ஃப்ளூரைடு பேஸ்ட்டையும் 2021-ல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. காரையாறு உறைவிடப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான வைத்தியம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரு தடவை தடவினால் போதாது. ஆறு மாதம் கழித்து மறுபடி தடவ வேண்டும். பாருங்கள், மருந்தே திரும்பி வரச் சொல்கிறது.

நாம் கற்றுக்கொடுக்கப் போகிறோம் என்ற நினைப்போடு யாரும் மலை ஏறாதீர்கள். 1987-ல் இந்தப் பொதிகை மலையின் கேரளப் பக்கத்தில், பாலோடு தாவரவியல் ஆய்வு நிறுவனத்து விஞ்ஞானிகள் காணிக்காரர்களின் துணையோடு காட்டில் நடந்தார்கள். வழிகாட்டிகள் ஏதோ ஒரு காயை மென்றுகொண்டு களைப்பே இல்லாமல் ஏறினார்கள். கேட்டதும் எளிதில் சொல்லிவிடவில்லை. ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியிலிருந்துதான் 'ஜீவனி' என்ற மருந்து வந்தது. 1995-ல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய நிறுவனத்துக்கு அதன் தயாரிப்பு உரிமை போனது. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதியைக் காணிக்காரர்களுக்குக் கொடுப்பது என்று முடிவாகி, 1997-ல் அவர்களுக்காக ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. பழங்குடியினர் அறிவுக்குப் பங்கு கொடுப்பதைப் பற்றி உலகில் எங்கே பேசினாலும் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். அந்த அறிவுக்குச் சொந்தக்காரர்களின் வாயைத்தான் நீங்கள் பார்க்கப் போகிறீர்கள்.

இனி வார இறுதி. சனிக்கிழமை அகஸ்தியர் அருவியில் குளித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நெல்லையப்பர் கோயிலில் இசைத் தூணைத் தட்டிப் பார்த்து, இருட்டுக் கடையில் அல்வா வாங்கிக்கொண்டு திரும்பலாம். தாராளமாகச் செய்யுங்கள், இந்த ஊருக்கு வந்து அதையெல்லாம் விடுவானேன். ஆனால் தாமிரபரணி ஆற்றோடு கீழே இறங்கிப் போகிற பயணமாக அதை வைத்துக்கொண்டால், மலையில் பார்த்த வாய் இன்னும் தெளிவாகப் புரியும்.

மலைமேல் காணிப் பிள்ளைகள் குடிப்பது ஓடை நீர். பாறையில் அதிக நேரம் தங்காமல் ஓடிவரும் தண்ணீரில் பொதுவாக ஃப்ளூரைடு மிகக் குறைவு. தேனும் கிழங்குமாக இருந்த சாப்பாட்டில் இப்போது சீனி போட்ட தேநீரும் பிஸ்கட் பாக்கெட்டும் சேர்ந்திருக்கின்றன. சொத்தைக்கு வேறென்ன வேண்டும்? அப்படியே பஸ் ஏறித் திருநெல்வேலிக்கு வடக்கே மானூர்ப் பக்கம் போங்கள். அங்கே பிள்ளைகளின் பல்லில் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைத் திட்டுகளும் பழுப்புக் கோடுகளும் இருக்கும். ஆழ்குழாய்க் கிணற்று நீரில் ஃப்ளூரைடு கூடுதல். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக அளவில் ஒப்புக்கொண்ட எல்லை. மானூர் வட்டாரத்தில் பாதிப்புள்ள ஊர்களை அடையாளம் கண்டு ஆய்வாளர்கள் 2012-ல் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். அந்தக் கறையை எந்தப் பிரஷ்ஷாலும் தேய்த்து எடுக்க முடியாது. ஏறக்குறைய எட்டு வயதுக்குள், பல் ஈறுக்குள்ளே உருவாகும்போதே குடித்த தண்ணீர் எழுதிவிட்ட எழுத்து அது.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேர்கிற ஆறு தாமிரபரணி. மலை உச்சியிலிருந்து கடல்வரை ஏறக்குறைய 128 கிலோமீட்டர்தான். மானூர்ப் பக்கத்துச் சிற்றாறும் சீவலப்பேரியில் இதோடுதான் சேர்கிறது. இவ்வளவு சின்னப் பள்ளத்தாக்குக்குள்ளேயே ஒரு கோடியில் ஃப்ளூரைடு போதாமல் பல் சொத்தையாகிறது, இன்னொரு இடத்தில் மிஞ்சிப்போய்ப் பல் கறைபடுகிறது. ஒரே பிரசுரத்தை அச்சடித்து இரண்டு இடத்திலும் கொடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். மலையில் ஃப்ளூரைடு பேஸ்ட்டைக் கையில் கொடுக்க வேண்டும். மானூரிலோ முதலில் குடிக்க ஆற்றுத் தண்ணீர் கேட்டு மனு எழுத வேண்டும். அந்த மனுவில் பல் மருத்துவரின் கையெழுத்தும் இருந்தால் கலெக்டர் அலுவலகத்தில் அதற்கு எடை கூடும்.

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை முக்கூடல் பக்கம் போய்வாருங்கள். திண்ணையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்களைப் பார்ப்பீர்கள். தெருவுக்குத் தெரு இந்தத் தொழில்தான். அவர்களிடம் புகையிலையைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் வீட்டு அடுப்பு அதில்தான் எரிகிறது என்பதை மறந்து பேசாதீர்கள். மலையிலும் சரி, சமவெளியிலும் சரி, வெற்றிலைச் செல்லத்தில் போயிலை இருக்கிறது. கொட்டைப்பாக்கு மட்டுமே போட்டாலும் தீங்குதான். பாக்கே புற்றுநோய் உண்டாக்குவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வகைப்படுத்திவிட்டது. வாய் முழுதாகத் திறக்கவில்லை, காரம் பட்டால் எரிகிறது என்று ஒருவர் சொன்னால் கன்னத்தின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தால் அவரை எழுதி அனுப்பிவிட்டு நிற்காதீர்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அவர் போய்ச் சேர்ந்தாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மலையிலிருந்து திருநெல்வேலி மருத்துவக் கல்லூரிக்கு ஒருவர் தனியாகப் போய், சீட்டுப் போட்டு, சரியான வார்டைக் கண்டுபிடிப்பது எவ்வளவு சிரமம் என்று யோசித்திருக்கிறீர்களா? கூடப் போங்கள். மூன்று மாதத்தில் அப்படி ஒருவரோடு போய்வந்தாலே பாடத்தில் பாதி முடிந்துவிடும்.

வழியில் பத்தமடையில் இறங்கிக் கோரைப் பாயைப் பாருங்கள். அந்த ஊரில் 1887-ல் பிறந்தவர்தான் பிற்காலத்தில் ரிஷிகேசத்தில் சுவாமி சிவானந்தர் ஆனவர். அதற்கு முன் மலேயாவில் ரப்பர்த் தோட்ட மருத்துவமனையில் டாக்டராக இருந்தார் என்பது நம் மாணவர்களில் பலருக்குத் தெரியாது.

கடைசியாக ஆதிச்சநல்லூர். பல் மருத்துவம் படிக்கிற ஒருவர் தாமிரபரணிக்கு வந்து ஆதிச்சநல்லூருக்குப் போகாமல் திரும்பக் கூடாது. 1876-ல் இந்தப் பழங்காலப் புதைகாட்டை ஜெர்மானியரான யாகோர் தோண்டினார். 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ விரிவாகத் தோண்டினார். 2004-ல் மத்தியத் தொல்லியல் துறை மறுபடி தோண்டியபோது முதுமக்கள் தாழிகள் வரிசையாக வெளிப்பட்டன. இங்கே கிடைத்த மண்டையோடுகளைப் பற்றி 1930-லேயே சாலி சக்கர்மேன் எழுதி, சென்னை அரசு அருங்காட்சியகம் அதை வெளியிட்டது. உடம்பில் எல்லாம் போன பின்னும் நிற்பது பல். எனாமலில் 96 சதவீதம் தாதுப்பொருள். எலும்பு உளுத்துப்போன தாழியிலும் பல் கிடைக்கும். வளர்ந்த இடத்துத் தண்ணீரின் தடயம், சாப்பாட்டிலிருந்த மணலால் தேய்ந்த தேய்மானம் எல்லாம் அதில் பதிந்திருக்கும். மானூர்ப் பிள்ளையின் பல்லில் தண்ணீர் எழுதியிருக்கிறது என்று சொன்னேனே, இங்கே புதைந்தவர்களின் பல்லிலும் இதே பள்ளத்தாக்கின் தண்ணீர்தான் எழுதியிருக்கிறது. தாழிகளின் முன்னே நின்று இதை யோசித்துவிட்டுத் திங்கட்கிழமை மலை ஏறினால், நோயாளியின் வாயை அவசரமாகப் பார்த்து முடிக்க உங்களுக்கே மனம் வராது.

உங்கள் மலைப் பணியைப் போல அமெரிக்காவிலும் ஒரு போஸ்டிங் உண்டு. அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா மாநிலங்களில் பரந்து கிடக்கும் நவாஹோ மக்களின் நிலம் தமிழ்நாட்டில் பாதிக்குச் சற்று மேல் இருக்கும். 1955-ல் உருவான அமெரிக்க இந்தியப் பழங்குடியினர் சுகாதாரப் பணித் துறையின் மருத்துவமனைகள் சின்லி, ஷிப்ராக் போன்ற ஊர்களில் இருக்கின்றன. பல் மருத்துவ மாணவர்கள் சில வாரம் அங்கே போய் வேலை செய்கிறார்கள், வார இறுதியில் செம்மண் பள்ளத்தாக்குகளைப் பார்க்கிறார்கள், பிறகு ஊருக்குத் திரும்புகிறார்கள். குழாய்த் தண்ணீர் இல்லாத வீடுகள் அங்கேயும் ஏராளம். பிள்ளைகளின் பாற்பல் சொத்தை அங்கேயும் கடுமை. இரவில் வலித்தால் யாரிடம் போவது என்ற கேள்வியும் அங்கே உண்டு.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியவர்கள் அலாஸ்காப் பழங்குடியினர். நியூசிலாந்தில் 1921-லிருந்தே பள்ளிகளுக்கென்று பெண்களுக்குப் பல் சிகிச்சை கற்றுக்கொடுத்து அனுப்பிவந்தார்கள். அதைப் பார்த்து, 2003-ல் தங்கள் இளைஞர்களை நியூசிலாந்துக்கே படிக்க அனுப்பினார்கள். படித்துத் திரும்பியவர்கள் தங்கள் ஊர்களிலேயே அடைப்பது, எடுப்பது என்று அடிப்படைச் சிகிச்சை செய்தார்கள். அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் வழக்குப் போட்டது. 2007-ல் நீதிமன்றம் அவர்கள் பணியைத் தொடரலாம் என்றது. பிறகு 2018-ல் அரிசோனாவும் 2019-ல் நியூ மெக்சிகோவும் இப்படிப்பட்ட பல் சிகிச்சையாளர்களுக்குச் சட்டம் செய்தன. நவாஹோ நிலத்துக்கும் அந்தக் கதவு திறந்தது.

நம் நாட்டில் அந்த வகைப் பணியாளர் இல்லை. ஆனால் டென்டல் ஹைஜீனிஸ்ட் என்று ஒரு பிரிவு 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டத்திலேயே இடம்பெற்றது. பிளஸ் டூவில் அறிவியல் படித்தவர்களுக்கு இரண்டு வருஷப் படிப்பு. அவர்கள் பல் எடுக்க முடியாது. பல்லைச் சுத்தம் செய்யலாம், ஃப்ளூரைடு தடவலாம், பள்ளிப் பிள்ளைகளுக்குத் தினமும் பல் துலக்கும் பழக்கத்தைக் கொண்டுவரலாம். பல் எடுத்தவரின் வீட்டுக்கு மூன்றாம் நாள் போய்ப் பார்க்கலாம். ஆறாத புண்ணைக் கண்டால் அன்றைக்கே கீழே தகவல் சொல்லலாம். காணிப் பிள்ளைகள் இப்போது அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் பள்ளிகளுக்கு வந்து மேல்நிலை முடிக்கிறார்கள். அவர்களில் ஒரு பெண்ணாவது இந்தப் படிப்புக்குப் போக வேண்டும் என்பது என் நீண்டநாள் ஆசை. அப்படி ஒரு படிப்பு இருப்பதே அந்த வீடுகளுக்குத் தெரியாது.

அதனால் முதல் வாரத்திலேயே ஒரு வேலை செய்யுங்கள். பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகள் யார் யார் என்று குடியிருப்புகளில் விசாரியுங்கள். அவர்களுடைய சாதிச் சான்றிதழ் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் தாலுகா அலுவலகத்துக்கு நீங்களும் கூடப் போங்கள், விண்ணப்பக் காலத்தில் அலைந்தால் வருஷம் போய்விடும். படிப்பைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம் எழுதி, உறைவிடப் பள்ளித் தலைமையாசிரியரிடமும் மூட்டுக்காணியிடமும் கொடுங்கள். ஒவ்வொரு நோயாளியின் அட்டையிலும் அடுத்து வரும் தேதியை எழுதுங்கள். பயிற்சி முடிந்து நீங்கள் கிளம்பும்போது, உங்களுக்குப் பின் வருகிற குழுவை ஒரு நாள் முன்னதாக வரவழைத்து, அந்த அட்டைகளோடு வீடு வீடாகக் கூட்டிப்போய் அறிமுகம் செய்துவிட்டு வாருங்கள். அந்தத் தேதிகளில் போகப்போகிறவர்கள் அவர்கள்தான்.